ஐப்பசியில் போர்ச்சுகல், ஸ்பெயின்: ஊரும் கடலும் தேர்ந்தெடுப்பது முதல் விசா வரை

நவம்பர் முதல் வாரம். போர்ச்சுகலின் தென்கோடியில், அல்கார்வ் கடற்கரையில் ஒரு சிறு ஊர். நாங்கள் பேருந்தை விட்டு இறங்கியபோது மணி ஆறு, இருட்டிவிட்டது. கடற்கரைச் சாலை முழுக்க உணவகங்கள்தான். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் நாற்காலிகளை அடுக்கி, சங்கிலி போட்டுப் பூட்டி, மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். பணம் கட்டிப் பதிவு செய்திருந்த விடுதியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: மார்ச்சில் திறப்போம். அம்மாவை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நானும் மனைவியும் ஒரு மணி நேரம் அறை தேடி அலைந்தோம். விளக்கு எரிந்த ஒரே கடை ஒரு ரொட்டிக் கடை. அந்தக் கடைக்கார அம்மாள்தான் டாக்சிக்குச் சொல்லி எங்களைப் பக்கத்து ஊருக்கு அனுப்பி வைத்தார்.

அடுத்த வருடம் அதே பருவத்தில் மறுபடியும் போனோம். இந்த முறை பன்னிரண்டு நாளும் நிம்மதியாகக் கழிந்தன. எங்கேயும் நெரிசல் இல்லை, நடந்து சுற்ற இதமான வெயில், கடல் பக்கத்திலேயே. மாற்றியது ஒன்றே ஒன்றுதான், ஊர்களைத் தேர்ந்தெடுத்த விதம். அம்மாவை அன்று உட்கார வைத்த மாதிரி நீங்கள் யாரையும் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டாம் என்பதற்காக எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ முதல் முறை கிளம்புகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் தேதி, அப்புறம்தான் ஊர்

அக்டோபர், நவம்பர் இரண்டையும் சேர்த்து ‘ஆஃப் சீசன்’ என்கிறோம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அக்டோபர் முதல் மூன்று வாரங்களில் லிஸ்பனில் பகல் வெப்பம் 22, 23 டிகிரி இருக்கும். செவில்லில் 26 வரை போகும். கடைகளும் படகுகளும் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும். நவம்பரில் மழை கூடும், பகல் சுருங்கும், விடுதி வாடகையும் இறங்கும். முதல் முறை போகிறவர்களுக்கு அக்டோபர் 5 முதல் 22 வரை உள்ள நாட்களைத்தான் சொல்வேன்.

தவிர்க்க வேண்டிய தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்:

- அக்டோபர் கடைசி வாரமும் நவம்பர் முதல் சில நாட்களும். பிரான்ஸ், பிரிட்டன் பள்ளிகளுக்கு அப்போது இலையுதிர் கால விடுமுறை. நவம்பர் 1 போர்ச்சுகல், ஸ்பெயின், இத்தாலி மூன்றிலும் அரசு விடுமுறை. ரயில் நிறையும், அறை விலை ஏறும்.
- அக்டோபர் 5 போர்ச்சுகலுக்கும் அக்டோபர் 12 ஸ்பெயினுக்கும் தேசிய விடுமுறை. இவை வெள்ளி அல்லது திங்களில் வந்தால் உள்ளூர்க்காரர்களே கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள்.
- நவம்பர் இரண்டாம் வாரம் லிஸ்பன். ‘வெப் சம்மிட்’ என்ற பெரிய தொழில்நுட்ப மாநாடு அந்த வாரத்தை ஒட்டித்தான் நடக்கும். அந்த நான்கைந்து நாளும் அறை வாடகை இரண்டு மடங்காவதை நானே பார்த்தேன். தேதியைப் பார்த்துவிட்டு அந்த நாட்களில் போர்ட்டோவுக்கோ தெற்கேயோ போய்விடுங்கள்.

நம் பக்கம் பார்க்க வேண்டியது தீபாவளியும் பூஜை விடுமுறையும். 2026இல் தீபாவளி நவம்பர் 8, 2027இல் அக்டோபர் கடைசி வாரம். அதையொட்டிய நாட்களில் சென்னையிலிருந்து விமானக் கட்டணம் கூடிவிடும். பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லையென்றால் காலாண்டு விடுமுறை முடிந்த அடுத்த வாரம் கிளம்புவது நல்லது. இன்னொன்று, அக்டோபர் நடுவிலிருந்து நமக்கு வடகிழக்குப் பருவமழை. சென்னையில் விமானம் தாமதமாவது சகஜம். துபாய் போன்ற ஊரில் விமானம் மாறும்போது ஒன்றரை மணி நேர இடைவெளியை நம்பாதீர்கள், மூன்று மணி நேரமாவது வையுங்கள்.

2. கடலோர ஊரைச் சோதித்துப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அங்கே கடலோர ஊர்கள் இரண்டு வகை. ஒன்று, சுற்றுலாவுக்கென்றே கட்டிய ஊர். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஜேஜே என்றிருக்கும். சீசன் முடிந்ததும் வேலையாட்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், ஊரே பூட்டிக்கொள்ளும். மற்றொன்று, ஆண்டு முழுவதும் மக்கள் குடியிருக்கும் ஊர். அங்கே பள்ளிக்கூடம் இருக்கும், மீன் சந்தை இருக்கும், காலையில் ரயிலேறி வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். ஆஃப் சீசனில் நமக்கு வேண்டியது இந்த இரண்டாம் வகை. புகைப்படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நான் ஏமாந்ததும் அங்கேதான்.

எது எந்த வகை என்று வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம். முதலில் ரயில். பெரிய நகரத்திலிருந்து அந்த ஊருக்கு நவம்பர் செவ்வாய்க்கிழமை ஒன்றில் எத்தனை வண்டி என்று ரயில்வே தளத்தில் தேடுங்கள். மணிக்கு ஒன்றாவது இருந்தால் அங்கே மக்கள் வாழ்கிறார்கள். லிஸ்பனின் கய்ஸ் டொ சொட்ரே நிலையத்திலிருந்து கஷ்கைஷ் போகும் மின்ரயில் அப்படித்தான், மழையோ வெயிலோ நாள் முழுக்க ஓடும். அடுத்தது வரைபடம். கூகுள் மேப்பில் அந்த ஊர் உணவகங்களைத் திறந்து, விமர்சனங்களைப் புதியது முதலில் வருமாறு அடுக்கி, போன நவம்பரிலும் டிசம்பரிலும் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஐந்து உணவகங்களில் நான்கில் அக்டோபரோடு பேச்சு நின்றுபோயிருந்தால் அந்த ஊரை விட்டுவிடுங்கள். நகராட்சி மீன் சந்தை இருக்கிறதா என்பதும் நல்ல அடையாளம். சுற்றுலா பயணிக்காக மட்டும் யாரும் காலை ஏழு மணிக்கு மத்தி மீனைக் கூறு போட்டு வைப்பதில்லை.

கடைசியாக, அறை பதிவு செய்த அன்றே விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கேட்க வேண்டியவை மூன்று: எங்கள் தேதியில் வரவேற்பு மேசையில் ஆள் இருப்பாரா, காலை உணவு உண்டா, அறையில் ஹீட்டர் வேலை செய்யுமா? மூன்று நாளில் பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். எங்கள் விடுதி பதிவைப் பெற்றுக்கொண்டு பணத்தையும் எடுத்துக்கொண்டது. மூடப் போகிறோம் என்று ஒரு வரி எழுதவில்லை. பணம் திரும்பி வர ஏழு வாரம் ஆனது.

ஹீட்டரை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், போர்ச்சுகலின் பழைய வீடுகளில் பெரும்பாலும் மையச் சூடேற்றும் வசதி கிடையாது. வெளியே 14 டிகிரி என்றால் உள்ளேயும் ஏறக்குறைய அதேதான், கூடவே ஈரப்பதமும். துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. வயதானவர்களோடு போனால் நாள் வாடகை வீட்டைவிட ஹோட்டல் மேல்.

3. எந்த ஊர்? என் பட்டியல்

என் வழி இது: ஒரு நகரத்தில் தங்குங்கள், கடலுக்கு ரயிலில் போய் வாருங்கள். மழை பெய்தால் அருங்காட்சியகமும் தேவாலயமும் இருக்கிறது. வெயில் அடித்தால் முக்கால் மணி நேரத்தில் கடல். கடற்கரை ஊரில் அறை எடுத்து மூன்று நாள் மழையில் மாட்டிக்கொண்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

லிஸ்பனும் கஷ்கைஷும். முதல் பயணத்துக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். கஷ்கைஷ் ரயில் நாற்பது நிமிடம், பாதி வழி தேஜோ ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டியே போகும். போகும்போது இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். நடுவில் கர்கவேலோஷில் அகன்ற மணல் கடற்கரை உண்டு. பேனா அரண்மனை இருக்கும் சின்ட்ராவுக்கு லிஸ்பனின் ரொசியோ நிலையத்திலிருந்து தனி ரயில், அதுவும் நாற்பது நிமிடம்தான். முழங்கால் வலி உள்ளவர்களோடு போனால் அல்ஃபாமா பகுதியில் அறை எடுக்காதீர்கள், படிக்கட்டும் ஏற்றமுமாகவே இருக்கும். பைஷா, அல்லது சல்தான்யா மெட்ரோவைச் சுற்றிய பகுதி சமதளம்.

போர்ட்டோவும் மட்டொசின்யோஷும். லிஸ்பனிலிருந்து மூன்று மணி நேர ரயில். இங்கே மழை அதிகம், ஆகவே அக்டோபரில் மட்டும். மட்டொசின்யோஷுக்கு மெட்ரோவிலேயே போகலாம். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தெருவில், உணவக வாசல்களில் கரி அடுப்பை வைத்து மீன் சுடுவார்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் ஒரு மதியத்தை அங்கே ஒதுக்குங்கள்.

ஃபாரோ. அல்கார்வ்தான் வேண்டும் என்றால் ஃபாரோ, தவிரா, லாகோஷ் மூன்றில் ஒன்று. மூன்றும் ரயில் பாதையில் இருக்கும் ஊர்கள். ஃபாரோவில் பல்கலைக்கழகம் இருப்பதால் குளிர்காலத்திலும் ஊர் உயிரோடிருக்கும். லிஸ்பனிலிருந்து மூன்று மணி நேரம்.

செவில்லும் காதிஸும். கதகதப்பு வேண்டுகிறவர்களுக்கு நவம்பரிலும் பொருந்துவது தெற்கு ஸ்பெயின்தான். செவில்லில் தங்கி, ஒன்றே முக்கால் மணி நேர ரயிலில் காதிஸ் போய்வரலாம். காதிஸின் பழைய நகரத்தை ஏறக்குறைய முழுவதுமாகக் கடல் சூழ்ந்திருக்கிறது. எந்தத் தெருவில் நடந்தாலும் கடைசியில் தண்ணீர்தான். ஃபாரோவிலிருந்து செவில்லுக்குப் பேருந்து உண்டு, மூன்று மணி நேரத்துக்குள் போய்விடும். லிஸ்பனிலிருந்து செவில்லுக்கோ மாட்ரிட்டுக்கோ நேரடி ரயில் இல்லை. பலர் இருக்கிறது என்று நினைத்துத் திட்டம் போடுகிறார்கள்.

மாலகா. நகரம், கடற்கரை, விமான நிலையம் மூன்றும் ஒரே உள்ளூர் ரயில் பாதையில். சிக்கல் இல்லாத ஊர்.

யோசித்துப் போக வேண்டியவை. வலென்சியா அழகான நகரம், டிராமில் ஏறினால் கடற்கரை. ஆனால் ஸ்பெயினின் கிழக்குக் கரையில் இலையுதிர் காலத்தில் திடீர்ப் பேய்மழை கொட்டும். அங்கே அதை ‘தானா’ என்பார்கள். 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியா சுற்றுவட்டாரத்தில் வந்த வெள்ளத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போகலாம், ஆனால் ஸ்பெயின் வானிலை மையத்தின் எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். சிவப்பு என்றால் அறையை விட்டு இறங்க வேண்டாம். கிரேக்கத்தில் சாண்டொரினி போன்ற தீவுகளில் அக்டோபர் முடிந்ததும் ஏராளமான விடுதிகள் மூடிவிடும், விரைவுப் படகுகளும் குறையும். ஏதென்ஸில் தங்கி எஜினா தீவுக்குப் படகில் போய்வருவது பாதுகாப்பான வழி. இத்தாலியில் கடல் குளியல் வேண்டுமென்றால் பலெர்மோ. சிசிலியில் அக்டோபரிலும் தண்ணீர் 22 டிகிரி இருக்கும், ஒரு மணி நேர ரயிலில் செஃபலூ என்ற கடற்கரை ஊர் வரும். வெனிஸில் நவம்பரில் கடல் ஏறி நடைபாதை நனைவது வழக்கம். 2020இலிருந்து பெரிய ஏற்றங்களைத் தடுப்புக் கதவுகள் தடுக்கின்றன, ஆனாலும் சிறு ஏற்றத்துக்கே சான் மார்க்கோ சதுக்கத்தில் தண்ணீர் நிற்கும்.

நீந்துவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போர்ச்சுகல் கடல் அட்லாண்டிக். அக்டோபரில் லிஸ்பன் பக்கம் தண்ணீர் 19 டிகிரிதான், அலையும் பெரிது. கோடைக் குளியல் பருவம் முடிந்ததும் பெரும்பாலான கடற்கரைகளில் உயிர்காக்கும் காவலர்கள் இருக்க மாட்டார்கள். எச்சரிக்கைக் கொடி கட்டவும் ஆள் இருக்காது. மெரினாவில் கால் நனைத்த பழக்கத்தில் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள்.

4. விசாவை எந்த நாட்டில் கேட்பது?

இந்த நாடுகள் எல்லாம் ஷெங்கன் வட்டத்தில் இருக்கின்றன, ஆகவே ஒரே விசா போதும். ஆனால் எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதற்கு விதி இருக்கிறது. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாடு. இரவுகள் சமமென்றால் முதலில் நுழையும் நாடு. எங்கள் முதல் திட்டத்தில் போர்ச்சுகல் ஆறு, ஸ்பெயின் ஆறு. பயண வழியும் விண்ணப்பமும் பொருந்தவில்லை என்று விசா விண்ணப்ப மையத்தில் கேள்வி வந்தது, திருத்தி வர ஒரு வாரம் போனது. சமமாகப் பிரிக்காதீர்கள். எட்டும் நாலுமாக வைத்துக்கொண்டால் கேள்வியே எழாது.

எந்த நாட்டு விசா சுலபம் என்று கேட்டு, அங்கே பொய்யாக அறை பதிவு செய்து, விசா கிடைத்ததும் ரத்து செய்துவிட்டு வேறு நாட்டுக்குப் போகச் சொல்கிறவர்கள் உண்டு. எல்லையில் கேட்டால் பதில் இருக்காது. விசா ரத்தாகலாம், அடுத்த விண்ணப்பமும் பாதிக்கும். வேண்டாம்.

ஸ்பெயினின் தென்முனையில் தரிஃபாவிலிருந்து ஒரு மணி நேரப் படகில் மொராக்கோ வந்துவிடும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒருமுறை நுழைவு விசாவில் மொராக்கோவுக்குப் போய்விட்டால் ஷெங்கனுக்குள் திரும்ப முடியாது.

5. ஆவணங்கள்

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குக் குறைவாக இருந்தால் முடியாது. முடிவுக்கு வழக்கமாக 15 நாள், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை. அதுவரை பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கும். அக்டோபர் பயணத்துக்கு ஜூலையில் நேரம் பதிவு செய்து, ஆகஸ்ட் நடுவுக்குள் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். நேரப்பதிவை விற்கிறேன் என்று வரும் தரகர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். மையத்தின் தளத்தைக் காலையிலும் இரவிலும் பார்த்துக்கொண்டே இருந்தால் ரத்தான நேரங்கள் திறக்கும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை:

- பாஸ்போர்ட். பத்து ஆண்டுக்குள் வழங்கியதாக இருக்க வேண்டும், ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். பழைய பாஸ்போர்ட்டுகளையும் கொண்டு போங்கள்.
- விண்ணப்பப் படிவம், 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் வெள்ளைப் பின்னணிப் புகைப்படம்.
- போக வர விமானப் பதிவு, எல்லா இரவுக்கும் தங்கும் இடம், ஊர்களுக்கிடையே போகும் வழி. ஒரு இரவு விட்டுப்போனாலும் கேட்பார்கள்.
- குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. எல்லா நாட்களையும் உள்ளடக்க வேண்டும்.
- வங்கிக் கணக்கு அறிக்கை (வங்கி முத்திரையோடு), வருமான வரித் தாக்கல், சம்பளச் சீட்டு, அலுவலக விடுப்புக் கடிதம்.
- நீங்கள் யார், ஏன் போகிறீர்கள், யார் செலவு, எப்போது திரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம்.

கணக்கில் திடீரென்று மூன்று லட்சம் வந்து விழுந்திருந்தால் சந்தேகம் வரும். உறவினரிடம் வாங்கிக் கணக்கில் காட்டுவதைவிட, சாதாரணமாக வந்துபோகும் சம்பளக் கணக்கு மேல்.

நம்மவர்களுக்கு உண்மையான தலைவலி பெயர்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாகக் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும். வங்கியில் இனிஷியல் முன்னால் இருக்கும். சிலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடமே காலி. அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர், ஓய்வூதியக் கணக்கில் அப்பாவின் இனிஷியல். இரண்டும் ஒருவரே என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். ஆதார் நகலைச் சேர்த்து, கடிதத்தில் மூன்று வரி எழுதியதும் சரியாகிவிட்டது. அதை முதலிலேயே செய்துவிடுங்கள். விமான டிக்கெட், காப்பீடு, அறைப் பதிவு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பெயர் இருக்கட்டும். பெற்றோரின் செலவை நீங்கள் ஏற்கிறீர்கள் என்றால் உறவைக் காட்ட உங்கள் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பழைய சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் நோட்டரி கையெழுத்தும் வாங்க ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

விசா கைக்கு வந்ததும் கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் தேதி, நாட்களின் எண்ணிக்கை, எத்தனை முறை நுழைவு, பெயர் நான்கையும் சரிபாருங்கள்.

6. எதை முதலில் பதிவு செய்வது

திரும்பப் பணம் கிடைக்கும் அறைகளை முதலில். அதன் பிறகு விமானம், ரத்து விதிகளைப் படித்துவிட்டு. அப்புறம் காப்பீடு, விசா. விசா வந்த பிறகுதான் நெடுந்தூர ரயிலும் நுழைவுச் சீட்டும். போர்ச்சுகல் ரயிலில் முன்கூட்டி வாங்கினால் விலை நன்றாகக் குறையும். 65 வயது நிறைந்தவர்களுக்குப் பாதிக் கட்டணம், பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். அங்கே ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே அந்த நகரத்துக்கு வந்துவிடுங்கள்.

ஆஃப் சீசனானாலும் முன்பதிவு வேண்டியவை சில உண்டு: சின்ட்ராவின் பேனா அரண்மனை, செவில்லின் அல்காசர் அரண்மனை, தெற்கு ஸ்பெயினில் கிரனாடாவின் அல்ஹம்ப்ரா கோட்டை. லிஸ்பனில் ஜெரோனிமோஷ் மடமும் பல அருங்காட்சியகங்களும் திங்கட்கிழமை மூடியிருக்கும். அந்த நாளைக் கடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

7. செலவு

யூரோவை நூறு ரூபாய் என்று கணக்கிடுங்கள், கொஞ்சம் மேலேயே போகும். அறையை இருவர் பகிர்ந்துகொண்டு பன்னிரண்டு இரவுக்கு ஒரு ஆளுக்கு எங்களுக்கு ஆனது: விமானம் 68,000, அறை 60,000 (இரவுக்கு 100 யூரோ, பாதிப் பங்கு), சாப்பாடு 36,000, ரயிலும் மெட்ரோவும் 15,000, நுழைவுச் சீட்டுகள் 8,000, விசாவும் காப்பீடும் 14,000. மொத்தம் இரண்டு லட்சத்தை ஒட்டி வந்தது. அம்மாவின் காப்பீடு மட்டும் எங்களுடையதைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பதினொரு வயது வரை 45, ஆறுக்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுத்தால் பணம் திரும்பாது. எஸ்எம்எஸ், கூரியர், சிறப்பு அறை என்று மையத்தில் கேட்பதெல்லாம் உங்கள் விருப்பம்தான், கட்டாயமில்லை.

விடுதி விலையில் சேராத செலவு நகர வரி. லிஸ்பனில் ஆளுக்கு இரவுக்கு 4 யூரோ, போர்ட்டோவில் 3, அதிகபட்சம் ஏழு இரவுக்கு. கார்டு தேய்க்கும்போது இயந்திரம் ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாயைத் தொட்டால் மோசமான மாற்று விலையில் பிடிப்பார்கள்.

8. மழைக்கும் இருட்டுக்கும்

அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதன் பிறகு லிஸ்பனில் ஐந்தரைக்கே சூரியன் மறையும். கடற்கரைப் பயணத்தைக் காலையில் வையுங்கள். செவில்லில் நிலைமை வேறு. கடிகாரம் மாறுவதற்கு முந்தைய வாரத்தில் காலை எட்டரைக்குத்தான் விடியும். போர்ச்சுகல் ஸ்பெயினைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது, எல்லை தாண்டும் பேருந்துச் சீட்டில் இதைக் கவனியுங்கள்.

லிஸ்பன் நடைபாதைகள் சிறு சிறு வெள்ளைச் சுண்ணாம்புக் கற்கள் பதித்தவை. நூறு வருடக் கால் பட்டு மழமழவென்றிருக்கும். மழைத் தூறல் விழுந்தால் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும், அதிலும் இறக்கத்தில். பிடிப்புள்ள ரப்பர் அடி ஷூ எல்லாருக்கும் வேண்டும். செருப்பு வேண்டவே வேண்டாம். கடற்காற்றில் குடை திரும்பிக்கொள்ளும், ஆகவே தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். 28ஆம் எண் டிராமில் பிக்பாக்கெட் அதிகம், பாஸ்போர்ட் அறையிலேயே பூட்டி இருக்கட்டும், நகல் போதும்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப் படமும் பதியும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. முதல் முறை வரிசை நீளும். இறங்கிய இரண்டு மணி நேரத்தில் ரயில் பதிவு செய்யாதீர்கள். அறைப் பதிவு, திரும்பும் டிக்கெட், காப்பீடு மூன்றின் தாள் நகலும் கைப்பையில் இருக்கட்டும். எங்களிடம் எல்லாவற்றையும் கேட்டார்கள்.

9. சாப்பாடு

போர்ச்சுகல் உணவகத்தில் உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ் காய், வெண்ணெய் கொண்டு வந்து வைப்பார்கள். இலவசம் இல்லை, தொட்டால் காசு. வேண்டாமென்றால் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மதியத்தில் ‘பிராட்டொ டொ தியா’ என்று எழுதியிருக்கும் அன்றைய சாப்பாடு 9 முதல் 13 யூரோவுக்குள் முடியும். ஸ்பெயினில் இரவுச் சாப்பாட்டுக்கு எட்டரைக்கு முன் அடுப்பே பற்றாது, மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாலையில் ஏதாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சைவர்கள் கவனிக்க: ‘கால்டோ வெர்தே’ என்ற கீரை சூப்பில் பன்றி இறைச்சித் துண்டு போடுவது வழக்கம். ‘சோப்பா தெ லெகூமெஷ்’ என்ற காய்கறி சூப் பெரும்பாலும் சைவம், ஆனாலும் கேட்டுவிடுங்கள். கஸ்டர்டு டார்ட்டில் முட்டை உண்டு. அம்மாவுக்காக ஒரு சின்ன மின் குக்கரும் இரண்டு கிலோ அரிசியும் எடுத்துப் போனோம். பால், நெய், இறைச்சி கலந்த உணவுகளை ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக அனுமதியில்லை, ஆகவே நெய் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

நவம்பரில் போனால் தெருமுனைகளில் புகை கிளம்பும் தள்ளுவண்டிகளைப் பார்ப்பீர்கள். செஸ்ட்நட் கொட்டையைக் கீறி, கல் உப்பு தூவிக் கரியில் சுடுவார்கள். ஓட்டின் மேல் சாம்பல் பூத்தாற்போல வெள்ளை படிந்திருக்கும். ஒரு டஜனைக் காகிதக் கூம்பில் போட்டு மூன்று யூரோவுக்குத் தருவார்கள். நவம்பர் 11 சாவ் மர்தின்யோ திருநாள், அதையொட்டி மழை விட்டுச் சில நாள் வெயில் அடிப்பதை ‘சாவ் மர்தின்யோ கோடை’ என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். எங்களுக்கும் அப்படி இரண்டு நாள் கிடைத்தது. கஷ்கைஷ் ரயில் நிலைய வாசலில் அம்மா ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, “நம்ம பனங்கிழங்கு மாதிரி இல்லடா இருக்கு” என்றார். ஆறுவதற்குள் உரித்துவிடுங்கள், ஆறினால் உள்தோல் ஒட்டிக்கொண்டு வராது.